புளியரை ஏற்றத்துக்கு முன்னால்: பழைய கேம்பர் வேனில் கிளட்ச் கோளாறு பார்ப்பது எப்படி

திருநெல்வேலியில் இருந்து தென்காசி வரைக்கும், கட்டில், அலமாரி வைத்து வீடு மாதிரி மாற்றிய பழைய வேன் எந்தக் குறையையும் வெளியே காட்டாது. ரோடு சமதளம், டாப் கியரில் போட்டால் போய்க்கொண்டே இருக்கும். செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, எஸ் வளைவில் ஏறும்போதுதான் கதை மாறும். கேரளா போகிற சரக்கு லாரிகள் முன்னால் வரிசையாக நிற்கும். நாமும் ஏற்றத்திலேயே நிற்க வேண்டும், ஏற்றத்திலேயே வண்டியை எடுக்க வேண்டும், பத்தடி போய் மறுபடி நிற்க வேண்டும். கிளட்ச்சுக்கு அதைவிடக் கடுமையான வேலை கிடையாது. தென்மலை, பாலருவி என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கிளட்ச்சை நம்மூர் சமதளத்திலேயே பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பட்டறையில் போய் “கிளட்ச் சரியில்ல அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் வருகிற பதில் “பிளேட் போயிருக்கும், கியர் பாக்ஸ இறக்கிருவோம்” என்பதுதான். சில நேரம் அது சரி. பல நேரம் கோளாறு கியர் பாக்ஸுக்கு வெளியே, கேபிளிலோ சிலிண்டரிலோ ரப்பர் ஓஸிலோ இருக்கும். கையை உள்ளே விடாமலே கண்டுபிடிக்கக் கூடியவை அவை. அதனால் நான் எப்போதும் வற்புறுத்துவது இதைத்தான்: கோளாறு வெளியேயா, உள்ளேயா என்று முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆம்னி மாதிரி சின்ன வண்டியை கேம்பராக மாற்றியிருந்தால் கிளட்ச் மிதியில் இருந்து கேபிள் போகும். டெம்போ டிராவலர் மாதிரி வேனில் ஹைட்ராலிக். மிதிக்கு மேலே ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் ஓரத்தில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர். பட்டறையில் இவற்றை அப்பர், லோயர் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே இரும்புக் குழாயும் ஒரு ரப்பர் ஓஸும் இருக்கும், உள்ளே பிரேக் ஆயில் ஓடும். எந்த வகையானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுகியிருக்கும், மிதித்தால் ஃபோர்க் என்கிற நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி அந்தப் பிடியை விடுவிக்கும்.

எடை ஏற்றி, சூடாக்கி, அப்புறம் சோதனை

காலி வண்டியில், காலை முதல் ஸ்டார்ட்டில் செய்கிற சோதனையை நம்பாதீர்கள். கேம்பர் வேன் என்பது எந்நேரமும் சுமை ஏற்றிய வண்டி. 100 லிட்டர் தண்ணீர் டேங்க் நிரம்பினால் அதுவே 100 கிலோ. முழு வீட்டு கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் போகும். கட்டில், அலமாரி, ஆட்கள் தனி. டேங்கை நிரப்பி, சாமான் ஏற்றி, நாலுவழிச் சாலையில் நாங்குநேரி வரை ஒரு ஓட்டம் போய் வந்து, இன்ஜினும் கியர் பாக்ஸும் நன்றாகச் சூடேறிய பிறகு கீழே சொல்கிற எல்லாவற்றையும் பாருங்கள். ஏற்றத்துக்கு விடியற்காலையில் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் போதும். நெரிசல் நேரத்தில் அங்கே சோதனை வேண்டாம்.

இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை

இதுதான் ஸ்லிப். நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை ஒரே மூச்சில் முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தமும் வண்டி வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். சத்தம் மட்டும் திடீரென ஏறி, வேகம் பின்னாலேயே தங்கினால் பிளேட் வழுக்குகிறது. நின்ற இடத்தில் பார்க்க வேண்டுமானால் சக்கரத்துக்கு முட்டுக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, முன்னால் ஆள் யாரும் நிற்காமல், மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்துவிட்டால் பிடிப்பு இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிடிப்பு இல்லை. இதை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம், ஒவ்வொரு முறையும் பிளேட் சூடாகித் தேயும்.

ஸ்லிப் என்று தெரிந்ததும் பிளேட் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். கேபிள் வண்டியில் மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தட்டுவதற்கு முன் கொஞ்சம் வெறும் ஆட்டம், அதாவது ஃப்ரீ பிளே, இருக்க வேண்டும். பெரும்பாலான கேபிள் வண்டிகளில் அது 15 முதல் 25 மி.மீ. அளவில் இருக்கும், சரியான அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அது பூஜ்யமாகிவிட்டால் நீங்கள் மிதிக்காதபோதும் கேபிள் பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். அட்ஜஸ்ட்மெண்ட் நட்டை இளக்கி ஆட்டம் கொடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சரியாகிவிட்டால் செலவில்லாமல் முடிந்தது. நட்டில் இனி இடமே இல்லை என்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது.

ஹைட்ராலிக் வண்டியில் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும், இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். காலையில் வண்டி நன்றாக இழுக்கும், ஒரு மணி நேரம் ஓடியபின் வழுக்கத் தொடங்கும், ஆறவிட்டால் மறுபடி சரி. பிளேட் தேய்ந்த வண்டியும் சூட்டில் அதிகம் வழுக்கும் என்பதால் எல்லாரும் பிளேட்டையே சந்தேகப்படுவார்கள். ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்புகிற சின்னத் துளை அடைத்திருந்தாலோ, மிதியின் புஷ் ராடில் துளி ஆட்டமும் இல்லாமல் முறுக்கியிருந்தாலோ, பழைய ரப்பர் ஓஸ் உள்பக்கம் உப்பி ஆயிலை ஒரு திசையில் மட்டும் விட்டாலோ, குழாய்க்குள் அழுத்தம் தங்கிப்போகும். ஆயில் சூடாகி விரியும்போது அந்த அழுத்தமே கிளட்ச்சைப் பாதி மிதித்தது போல் வைத்திருக்கும்.

பிரித்தறிய வழி உண்டு. வழுக்குகிற நேரத்திலேயே வண்டியைப் பத்திரமான சமதள இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, முட்டுக் கல் வைத்து, ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள, காற்று எடுப்பதற்கான ப்ளீடிங் நிப்பிளை, மிதியை யாரும் தொடாத நிலையில், கால் சுற்று இளக்குங்கள். கண்ணில் படாதபடி முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் சொட்டினால் அது இயல்பு. பீய்ச்சி அடித்தால் உள்ளே அழுத்தம் தங்கியிருந்தது என்று பொருள். நிப்பிளை முறுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், வழுக்கல் நின்றிருந்தால் பிளேட் குற்றவாளி இல்லை. மாஸ்டரையும் ஓஸையும் பாருங்கள்.

இரண்டிலும் இல்லையென்றால் கோளாறு உள்ளேதான். பிளேட் தேய்ந்திருக்கலாம், பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். அதில் விரலை விட்டுப் பாருங்கள். வறண்ட கருந்தூள் வந்தால் வெறும் தேய்மானம். பிசுபிசுவென்று வந்தால் மோந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை தனியாகத் தெரியும், அப்படியானால் கியர் பாக்ஸின் முன் சீல். இன்ஜின் ஆயில் என்றால் கிராங்க் பின் சீல். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குள் அதே இடத்தில் நிற்பீர்கள்.

கியர் விழ மாட்டேன் என்கிறது

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். அணைந்த நிலையிலும் கியர் முரண்டு பிடித்தால் கிளட்ச்சை விட்டுவிட்டு, கியர் லிவரை கியர் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜைப் பாருங்கள். புஷ் தேய்ந்திருக்கும், கேபிள் இழுபட்டிருக்கும். அணைந்தபோது வெண்ணெயாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை.

உறுதிப்படுத்த ரிவர்ஸைப் பயன்படுத்துங்கள். பழைய வேன்களில் ரிவர்ஸுக்கு பெரும்பாலும் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமமாக்கி அரைக்காமல் விழ வைக்கும் அமைப்பு) கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. வண்டி நின்றுகொண்டிருக்க, ஐடிலில் கிளட்ச்சை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். கரகரவென்று அரைத்தால் பிளேட் இன்னும் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது.

இப்போது மிதியை நாலைந்து முறை வேகமாக அடித்துவிட்டு மறுபடி போடுங்கள். ஹைட்ராலிக் வண்டியில் அடித்த பிறகு கியர் விழுந்தால் ஆயில் குழாய்க்குள் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் வாஷர் (உள்ளே ஆயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர்) போயிருக்கிறது. இரண்டும் வெளிக் கோளாறு. கேபிள் வண்டியானால் ஆட்டம் அதிகமாகிவிட்டதா, கேபிள் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். மிதிப் பக்க முனையில்தான் முதலில் நூல் பிரியும். ஒரு நூல் பிரிந்தாலும் அந்த கேபிளோடு மலைக்குப் போகக் கூடாது.

ஹைட்ராலிக்கில் ஒருவர் மிதிக்க ஒருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், வண்டி நகராதபடி கல் வைத்திருக்க வேண்டும். ஸ்லேவின் ராடு ஃபோர்க்கைத் தள்ளுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மிதியை அடியில் அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடிக்கச் சொல்லுங்கள். ராடு தள்ளிய இடத்திலேயே நிற்க வேண்டும். மிதி அடியிலேயே இருக்க, ராடு மட்டும் மெல்ல மெல்லப் பின்வாங்கினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. வெளியே ஈரம் இல்லையென்றால் மாஸ்டருக்குள்ளேயே ஆயில் வாஷரைத் தாண்டித் திரும்புகிறது. சிக்னலில் கியர் போட்டு நிற்கும்போது வண்டி தானாக ஊர்ந்து போகிறது என்று சொல்வார்களே, அது இதுதான்.

ராடு முழுதாகத் தள்ளுகிறது, நின்ற இடத்தில் நிற்கிறது, ஆனாலும் ரிவர்ஸ் அரைக்கிறது என்றால் வெளியே எல்லாம் சரி. உள்ளே பிளேட் வளைந்திருக்கலாம், ஃபோர்க் விரிசல் விட்டிருக்கலாம், கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் முன் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களில் துரு ஏறி பிளேட் நகராமல் இருக்கலாம்.

நம் பக்கத்தில் கேம்பர் வேன்கள் மாதக் கணக்கில் வீட்டு வாசலில் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நின்ற வண்டி, உவரி, மணப்பாடு பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். மிதி இயல்பாக இருக்கும், ராடு சரியாக நகரும், ஆனால் கியர் எதுவும் விழாது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் நல்ல தூரத்துக்கு ஆள், சுவர் இல்லாத வெற்றிடத்தில், இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குதித்து நகரும். கிளட்ச்சை விடாமல் ஆக்ஸிலேட்டர் கொடுத்து பிரேக்கைத் தட்டித் தட்டி ஓட்டினால் பெரும்பாலும் பிய்த்துக்கொண்டு வரும். விடுபட்ட பிறகும் உதறலோ ஸ்லிப்போ இருந்தால் பிளேட்டின் முகம் உரிந்திருக்கிறது, இறக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

மிதி சொல்லும் சேதி

மிதி பஞ்சு மாதிரி இருந்தால் காற்று. அடிக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டால் ஆயில் இல்லை அல்லது வாஷர் போய்விட்டது. நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தால் கேபிள் வறண்டிருக்கலாம், ஃபோர்க் உட்காரும் இடத்தில் கிரீஸ் தீர்ந்திருக்கலாம். டயஃப்ரம் வகை கிளட்ச்சில் பிளேட் தேயத் தேயவும் மிதி கனக்கும். பழகிய காலுக்கு இது தெரியாது, வேறொருவரை மிதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். அது எங்கே போனது என்று பாருங்கள். பார்க்க வேண்டிய இடம் இரண்டு. மிதிக்கு மேலே, ராடு மாஸ்டருக்குள் நுழைகிற ரப்பர் மூடியைத் தடவுங்கள். விரலில் ஈரம் பட்டால், மிதித் தண்டில் பெயிண்ட் உப்பி உரிந்திருந்தால், அங்கே கசிகிறது. அடுத்தது ஸ்லேவின் முனையில் உள்ள ரப்பர் பூட். வெளியே காய்ந்து சுத்தமாகத்தான் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் அதன் உதட்டை மெல்ல நெம்பிப் பின்னுக்குத் தள்ளுங்கள். உள்ளே தேங்கிய ஆயில் கரும்பழுப்பாக ஒழுகி மணிக்கட்டுக்கு இறங்கினால் அந்த சிலிண்டரின் ஆயுள் அவ்வளவுதான். இன்று சொட்டுவது மலையில் ஊற்றும். வாஷர் கிட் மட்டும் மாற்றலாமா, சிலிண்டரே மாற்றணுமா என்பதை உள்சுவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். துருப் பள்ளம் இருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும்.

சில வண்டிகளில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். அங்கே ஆயில் குறைந்தால் அது பிரேக் விஷயம், அதைத் தீர்க்காமல் தெருமுனை தாண்டக் கூடாது. மூடியில் எழுதியிருக்கிற டாட் 3 அல்லது டாட் 4 மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் உப்பி மொத்தமும் வீணாகும். இரண்டு வருடமாக மாற்றாத ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், பயணத்துக்கு முன் புதிதாக மாற்றிக் காற்று எடுத்துவிடுங்கள்.

உதறல்

முதல் கியரில் எடுக்கும்போது வண்டி மொத்தமும் நடுங்கினால், பிளேட்டுக்கு முன்னால் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முட்டுக் கல் வைத்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்குகிற இடம் வரை மட்டும் விட்டுப் பிடிக்கும்போது இன்ஜின் ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தால் ரப்பர் போய்விட்டது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டியில், கியர் பாக்ஸில் இருந்து பின்னால் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டின் கிராஸ், நடு பேரிங் இரண்டையும் கையால் முறுக்கிப் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் பிளேட்டில் ஆயில், ஃபிளைவீலில் நீலம் பாரித்த சூட்டுத் தழும்பு, அல்லது பிளேட் ஸ்பிரிங் உடைவு.

சத்தம்

நியூட்ரலில் நின்று கேளுங்கள். மிதிக்கும்போது வருகிற கீச்சும் உறுமலும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருகிற உறுமல் கியர் பாக்ஸின் முன் பேரிங், அதற்குக் கிளட்ச்சை மாற்றிப் பயனில்லை. கியர் போட்டு முழுக்க மிதித்து நிற்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் பைலட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ரிலீஸ் பேரிங் கத்திக்கொண்டே பல நாள் ஓடும் என்று சொல்வார்கள். ஊருக்குள் ஓடும். மலையில் நெரிசலில் நூறு முறை மிதிக்கும்போது அது உடைந்தால் பிரஷர் பிளேட்டின் விரல்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கருகல் வாடை

ஏற்றத்திலோ ரிவர்ஸிலோ, வண்டியின் நடு அடியில் இருந்து வந்தால் கிளட்ச். இறக்கத்தில், ஒரு சக்கரத்தின் பக்கம் வந்தால் பிரேக். பக்கத்தில் கை கொண்டுபோனாலே எந்தச் சக்கரம் என்று தெரியும்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

கூலி முழுக்க இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது. அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள், பைலட் பேரிங்கையும் கிராங்க் பின் சீலையும் பார்த்துவிடுங்கள். ஃபிளைவீலில் தழும்போ நுண்விரிசலோ இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும், விரிசல் ஆழமென்றால் மாற்றத்தான் வேண்டும். பழைய பிளேட்டின் தூளை ஏர் பிடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் பூசியிருக்கிற எண்ணெயைக் கழுவித் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். பக்கத்தில் நின்று, பிளேட்டின் ஃபிளைவீல் பக்கம் ஃபிளைவீலைப் பார்த்துத்தான் உட்காருகிறதா என்று கேளுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புது கிளட்ச் பழகுவதற்கு ஊருக்குள் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட வேண்டும். நாளைக் காலை பயணம், இன்று மாலை கிளட்ச் வேலை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சாரல் காலத்துக் கூட்டத்தில் குற்றாலம், செங்கோட்டை வழி என்றால் இன்னும் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

போகலாமா?

ஸ்லிப், நூல் பிரிந்த கேபிள், கசிகிற சிலிண்டர், பின்வாங்குகிற ராடு: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் மலைப் பக்கம் வேண்டாம். காரையாறு, மாஞ்சோலை என்றால் கேட்கவே வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வண்டி நின்றால் உதவி வருவதும் தாமதம், வனத்துறை அனுமதி நேரமும் போய்விடும். மெல்லிய உதறலும் லேசான கியர் பாக்ஸ் பேரிங் சத்தமும் மட்டும் என்றால் திருச்செந்தூர், கன்னியாகுமரி மாதிரி சமதளப் பயணம் போய் வரலாம்.

வண்டியில் அரை லிட்டர் பிரேக் ஆயில், நிப்பிளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், கண்ணாடி மாதிரி தெரிகிற ஒரு டியூப், கேபிள் வண்டியானால் புதுக் கேபிள் ஒன்று இருக்கட்டும். ஏற்றத்தில் நிற்கும்போது ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல் செய்து, முன் லாரி நாலு வண்டி நீளம் நகர்ந்த பிறகு ஒரே எடுப்பில் எடுங்கள்.

அப்படியும் எஸ் வளைவில் வழுக்கத் தொடங்கிவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள், பின்னால் முக்கோணத்தை வையுங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். ஆறியதும் பிடிக்கும். அந்தப் பிடிப்பை நம்பி மேலே ஏற வேண்டாம். போக்குவரத்தை நிறுத்தச் சொல்லி வண்டியைத் திருப்பி, இரண்டாவது கியரில், வழுக்கும் கிளட்ச்சால் இன்ஜின் பிரேக்கும் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதை மனதில் வைத்து, மெதுவாகக் கீழே செங்கோட்டைக்கு இறக்குங்கள். அங்கே பட்டறை இருக்கிறது.